வைகாசியில் கோடியக்கரை

கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஐப்பசி கழியட்டும் என்பார்கள். மழை பெய்து சதுப்பில் தண்ணீர் ஏறி, வடக்கேயிருந்து உள்ளான்களும் வாத்துகளும் ஆலாக்களும் வந்து இறங்கும் காலம் அது. தை, மாசி வரை அந்தக் கோலாகலம் நீடிக்கும். பங்குனி பிறந்ததும் பறவைகள் கிளம்பிவிடும். பறவை பார்க்க வருகிறவர்களும் கேமராவை மூட்டைகட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரைக் கேட்டாலும் "சீசன் முடிஞ்சிருச்சே" என்பார்கள்.

நான் வைகாசியில் போனேன். வந்துபோகிற பறவைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம், நிறையப் படம் எடுத்திருக்கிறோம். எங்கும் போகாமல் இங்கேயே இருக்கிற பறவைகள் இந்த வெயிலில், இந்த உப்புத் தரையில்தான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அதைப் பார்க்க வேண்டுமானால் கோடையைத் தவிர வேறு காலம் கிடையாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு இப்போது மறுபடி ரயில் ஓடுகிறது. மீட்டர் கேஜ் காலத்தில் இந்தத் தடம் கோடியக்கரை வரைக்கும் போனது. அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் திறந்தபோது அகஸ்தியம்பள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். நல்லதுதான்; அதற்கு மேல் காடு. வேதாரண்யத்திலேயே பெட்டி பாதி காலியாகிவிட்டது. கடைசி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே வரப்புகள், வரப்பு ஓரங்களில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள்.

இங்கேதான் 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, மாதக் கடைசியில் வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார்கள். நினைவுத் தூண் இருக்கிறது. அந்தத் தேதிகளை ஒரு பறவைக்காரன் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. சதுப்பு வற்றி, உப்பு தானாகப் பூத்துக் கிடக்கிற பருவம் அது. அதே சித்திரையில், அதே காய்ந்த தரையில்தான் ஆலாவும் உப்புக்கொத்தியும் முட்டையிடத் தொடங்கும். உப்பு விளைய வேண்டிய வெயிலும் குஞ்சு பொரிய வேண்டிய வெயிலும் ஒன்றே.

உப்பு வாருகிறவர்கள் விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் பாத்தியில் நிற்க முடியாது. தண்ணீரும் வெள்ளை உப்பும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நான் போனபோது பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். முழங்கால் வரை பழைய காலுறை, தலையில் துண்டு, அதற்கு மேல் ஒரு தொப்பி. கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் வந்த காரியம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பூநாரைக்கா வந்தீய? அது இப்ப அந்தப் பக்கந்தான் நிக்கும் தம்பி, பெரிய தண்ணியில."

"இல்லம்மா, ஆலா முட்டை வைக்குதாமே, அதைப் பாக்கணும்."

"அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீய? அந்தா, அந்தக் காஞ்ச பாத்தியில கெடக்கு. நாங்க தாண்டித்தான் போவோம், வருவோம். கிட்டப் போனா தலையில கொத்த வரும், பாத்துக்கிடுங்க."

அவர் காட்டிய திசையில் நான் போகவில்லை. தூரத்து வரப்பில் உட்கார்ந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் தரையோடு தரையாக வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கானல் நெளிந்தது. கொஞ்ச நேரம் கண் பழகிய பிறகு, வெடித்த சேற்றின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி, அப்புறம் தள்ளி இன்னொன்று, அதற்கும் அப்பால் சில. சிற்றாலாக்கள். கறுப்புத் தொப்பி, வெள்ளை நெற்றி, நுனி மட்டும் கறுத்த மஞ்சள் அலகு. கூடு என்று ஒன்றும் இல்லை. சேற்றில் உடம்பை அழுத்தித் திருப்பி ஒரு குழி பறித்துக்கொள்கின்றன, அவ்வளவே. முட்டை சேற்று நிறம், மேலே கறுப்பும் பழுப்புமாகத் திட்டுகள். பறவை எழுந்தால் முட்டை மறைந்துவிடுகிறது. எங்கே இருந்தது என்று இரண்டாம் முறை சொல்ல முடியாது.

ஆண் ஒன்று அலகில் சின்ன வெள்ளி மீனோடு வந்தது. இணை முட்டையை விட்டு எழவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டது. அந்த மீன் எங்கிருந்து வந்தது? உப்புப் பாத்தியில் மீன் கிடையாது. அப்பால் இருக்கிற வாய்க்காலிலோ கடலிலோ பிடித்து, இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறது.

நெடுங்கால் உள்ளான்கள் இன்னும் கொஞ்சம் வசதியாக வாழ்கின்றன. தண்ணீர் நின்ற பாத்தியின் வரப்போரத்தில் சிப்பி, சுள்ளி, காய்ந்த சேற்றுக்கட்டி என்று கிடைத்ததைச் சேர்த்து ஒரு மேடு கட்டியிருந்தது ஒரு ஜோடி. நான்கு முட்டை. அன்றைக்குப் பார்த்ததில் என்னை நகரவிடாமல் உட்கார வைத்தது அந்த ஜோடிதான். வெயில் ஏறியதும் அடைகாக்கிற வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. குளிர்நாட்டுப் பறவை முட்டைக்குச் சூடு கொடுக்கும். இங்கே முட்டையைச் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும். பெண் எழுந்து அந்தச் சிவந்த நீளக் கால்களை மடக்கித் தண்ணீரில் இறங்கியது. வயிற்றை முக்கி, பக்கத்துக்குப் பக்கம் உடம்பை ஆட்டி இறகுகளை நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. ஈரம் காய்ந்ததும் ஆண் வந்து அதையே செய்தது. மதியம் வரை இந்த மாற்றம் ஓயவில்லை. அலகு திறந்து தொண்டை துடித்தபடி, இறகைச் சற்றே விரித்து நிழல் காட்டியபடி இரண்டும் முறை போட்டுக்கொண்டன. ஒரு நாய் வரப்பில் ஓடி, இரண்டும் சேர்ந்து கத்திக்கொண்டே பறந்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் முட்டைக்குள் இருக்கிற உயிர் வெந்துபோகும். கோடையில் பறவை பார்க்கிறவர் தள்ளி உட்கார வேண்டிய காரணம் இதுதான். கிட்டப் போய் எடுக்கிற ஒரு நல்ல படத்துக்கு விலை நான்கு முட்டை.

அகஸ்தியம்பள்ளியைத் தாண்டித் தெற்கே போனால் கோடியக்காடு. சாலையோரத்தில் பெண்கள் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். மஞ்சளாக, சுண்டுவிரல் நுனி அளவில் இருக்கும். நல்ல இனிப்பு, தின்று முடித்தால் பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காட்டின் முக்கியமான மரமே பாலைதான். தமிழகக் கடற்கரை ஓரமாக ஒரு காலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய நல்ல துண்டு இது. வைகாசியில் பழம் பழுக்கும்போது குயிலும் சின்னானும் அக்காக்குயிலும் மரத்தை விட்டு இறங்குவதில்லை. கீழே உதிர்ந்ததை நரியும் மானும் குரங்கும் பார்த்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் வருகிறவர்கள் சதுப்பையே பார்த்துவிட்டுத் திரும்புவதால் காட்டின் இந்த விருந்து அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

கோடியக்காட்டில் குழகர் கோயில். சுந்தரர் இங்கே வந்து பாடியிருக்கிறார். கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகிற காட்டில், துணையில்லாமல் ஏன் கோயில் கொண்டாய் என்று இறைவனிடம் மனம் நொந்து கேட்கிற பதிகம் அது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் வேறு மாதிரி தெரியும். காற்று அப்படியேதான் இருக்கிறது. மரப்பொந்துகளும் ஆந்தைகளும் இருக்கின்றன. ஒரு பக்திப் பாடலிலிருந்து இவ்வளவு துல்லியமாக ஒரு காட்டை அடையாளம் காண முடிகிறதே என்று வெகுநேரம் பிரகாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரணாலயத்துக்குள் என்னோடு வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர். இதே ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குகிற வயது. 1967-இல் இதைச் சரணாலயமாக அறிவித்ததே வெளிமானுக்காகத்தான் என்று ஆரம்பித்தார். புல்வெளியில் வெளிமான்கள் நின்றன. முதிர்ந்த ஆண் கறுத்து, முறுக்கிய கொம்போடு தனியாக நின்றது. மற்றவை உகா மரத்தின் குட்டை நிழலில் நெருக்கி நின்றன. கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைகள், யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை. மான் மேய வேண்டிய புல்லைக் குதிரையும் மேய்கிறது. புல் முளைக்க வேண்டிய இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. வெட்டி எடுத்த இடங்களில் புல் திரும்பியிருப்பதை அவர் பெருமையோடு காட்டினார்.

"கஜாவுல இந்தக் காடு படுத்துருச்சு சார். காலையில வந்து பாத்தா அடையாளம் தெரியல. பெரிய பெரிய பாலையெல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு."

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த புயல் அது. சாய்ந்த மரங்கள் சில இன்னும் கிடக்கின்றன. சாய்ந்தபடியே பக்கக் கிளை விட்டுப் பழுத்தும் நிற்கின்றன.

இராமர் பாதம் என்கிற மேட்டில் ஏறினால் நில அமைப்பு விளங்கும். தட்டையான இந்தப் பகுதியில் உயரம் என்று சொல்ல இருப்பது இந்த மணல்மேடு ஒன்றுதான். இராமன் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தான் என்பது ஐதீகம். வடக்கேயிருந்து நேராக இறங்கி வருகிற சோழமண்டலக் கரை இந்த முனையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை நீள்கிறது. 2002-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய இடம் இது. 2022-இல் பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் மற்றவையும் சேரும் வரை தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது கோடியக்கரை மட்டுமே.

இனி உப்புக்கொத்தி. நான் வந்ததே அதற்காகத்தான்.

சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய பறவை. முதுகு மணல் நிறம், அடிப்பக்கம் வெள்ளை, மார்பின் இரு பக்கமும் அரைகுறையாக நின்றுபோன ஒரு பட்டை. ஓடும், நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். ஐரோப்பாவிலிருந்து சீனா வரை பரவியிருக்கிற கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றே இதை வெகுகாலம் எழுதி வந்தார்கள். 1915-இலேயே இதற்குத் தனி அறிவியல் பெயர் இட்டிருந்தும் தனி இனமாக அது நிலைக்கவில்லை. இலங்கையில் மன்னார்ப் பகுதியில் இந்தப் பறவைகளை அளந்தும் மரபணுவை ஒப்பிட்டும் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன் முடிவில் இது தனி இனம் என்று நிலைநாட்டப்பட்டு, 'ஹனுமான் பிளோவர்' என்று பெயர் சூட்டப்பட்டது. தென்னிந்தியக் கரையிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க வாழ்கிற பறவை. அனுமன் கடந்த கடலின் இரு கரையும் இதற்குச் சொந்தம். இராமர் பாதத்திலிருந்து இறங்கி அந்த உப்புத் தரைக்கு நடந்தபோது இதெல்லாம் மனதில் ஓடியது உண்மை.

பனிக்காலத்தில் வந்திருந்தால் எனக்கு எதுவும் விளங்கியிருக்காது. அப்போது வடக்கேயிருந்து கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் மணல் உப்புக்கொத்திகளும் வந்து இதே சேற்றில் கலந்து மேயும். எது ஊர்ப்பறவை, எது வந்த பறவை என்று பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். வைகாசியில் முட்டை மேல் உட்கார்ந்திருக்கிற பறவை எது என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தக் கரையில் பிறந்தது, இந்தக் கரையிலேயே பெறுகிறது.

காவலர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஒரு பறவை இறகை ஒரு பக்கமாகத் தரையில் இழுத்துக்கொண்டு தத்தித் தத்திப் போனது. வால் விசிறியாக விரிந்திருந்தது. அடிபட்டதென்றே நம்பத் தோன்றும். நாங்கள் அதன் பின்னால் ஒரு அடி வைத்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது.

"பின்னால போகாதீங்க சார். இந்தப் பக்கமாத்தான் குஞ்சு இருக்கும். வந்த வழியே திரும்பிருவோம்."

"முட்டையா, குஞ்சாண்ணே?"

"குஞ்சுதான். முட்டைன்னா இவ்வளவு கிட்ட விடாது. முன்னாடியே எந்திரிச்சு ஓடிரும்."

திரும்பிப் போய் உகா நிழலில் உட்கார்ந்து ஸ்கோப்பை நாட்டினோம். தாய்ப்பறவை 'காயம்' தீர்ந்து எழுந்து நடந்தது. நாங்கள் நின்ற இடத்துக்கு மிக அருகில், மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த ஒரு பள்ளத்தில், ஏதோ அசைந்தது. பிறகு அதற்குக் கால் முளைத்தது. பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு. கால் மட்டும் பெரிய பறவையின் கால். அப்பால் இன்னொன்று. பொரித்து ஈரம் உலர்ந்த அன்றே இவை ஓடத் தொடங்கிவிடும், தாய் ஊட்டுவதில்லை. உப்புத் தரையில் மொய்க்கிற சிறு ஈக்களைத் தாமே துரத்திப் பிடிக்கும். தாய் செய்கிற வேலை இரண்டு: எச்சரிப்பதும் நிழல் தருவதும். சிறிது நேரம் மேய்ந்ததும் குஞ்சுகள் ஓடிவந்து அதன் அடியில் நுழைந்துகொண்டன. இறகைத் தளர்த்தி நின்ற பறவைக்கு அடியில் நான்கு சின்னக் கால்களும் இரண்டு பெரிய கால்களும் தெரிந்தன. மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. தாய் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பருந்து கடல் பக்கம் விலகும் வரை மூன்றும் அசையவில்லை.

சாயங்காலம் உப்பளத் தேக்கங்களின் பக்கம் போனோம். சதுப்பு வற்றிய பிறகு ஆழமாகத் தண்ணீர் நிற்பது இங்கேதான். பூநாரைகள் நின்றன, பெருங்கூட்டமாக இல்லை; பலவும் இன்னும் சிவப்பு ஏறாத சாம்பல் நிற இளசுகள். அடைகாக்க இவை கட்ச் பாலைவனத்து உப்புவெளிக்குப் போகும். அந்த வயது வராதவை இங்கேயே தங்கிவிடுகின்றன. உள்ளான்களிலும் அப்படித்தான். குதிரைமலைக் கோட்டான்களும் மணல் உப்புக்கொத்திகளும் வெளுத்துத் தேய்ந்த இறகோடு கரையில் திரிந்தன. இவை போன ஆண்டு பிறந்து, முதல் பயணமாகத் தெற்கே வந்தவை. இனப்பெருக்கத்துக்குத் தயாராகாத பறவை அத்தனை தூரம் திரும்பிப் பறந்து ஆவது ஒன்றுமில்லை. ஒரு கோடை முழுக்க இங்கே தின்று தேறி, அடுத்த பங்குனியில்தான் கிளம்பும். இந்த இளம் பறவைகளுக்கு வைகாசியிலும் ஆனியிலும் ஈரச் சேறு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு சைபீரியாவில் கூடு கட்ட ஆள் குறையும்.

இந்தப் போக்குவரத்தையெல்லாம் நாம் அறிந்தது பெரும்பாலும் கால்வளையத்தால். சாலிம் அலியின் தூண்டுதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960-களின் கடைசியில் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. வலைவிரிக்க பீகாரிலிருந்து மிர்ஷிகார்கள் வந்தார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த அந்தக் குடும்பத்தார், இறகு கசங்காமல் பிடித்து வளையமிட்டுவிடுகிற கலைக்குத் தங்கள் கையைக் கொடுத்தார்கள். அவர்களில் அலி ஹுசைனின் பெயரை இந்தியப் பறவையியலாளர்கள் மரியாதையோடு சொல்வார்கள். அவர்கள் வலை விரித்தது பெரும்பாலும் வலசைக் காலத்தில். உள்ளூர்ப் பறவைகளின் கோடை வாழ்க்கைக்கும் அதே பொறுமையோடு யாராவது உட்கார வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. எத்தனை கூடு, எத்தனை முட்டை பொரிந்தது, எத்தனை குஞ்சு பறந்தது என்று பல கோடைகளுக்குத் தொடர்ந்து குறித்து வைக்க வேண்டிய இடம் இது.

அப்படிக் குறிப்பது அவசரமான வேலை. காவிரியின் கிளைகளிலிருந்து இந்தச் சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்துவிட்டது. நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும். உப்பு ஓர் அளவைத் தாண்டினால் புழுவும் பூச்சியும் மீன்குஞ்சும் குறையும். உப்பளம் விரியும்போது சில பறவைகளுக்குத் தேக்கத்துத் தண்ணீர் கிடைக்கிறது, வேறு சிலவற்றுக்குச் சேறு போய்விடுகிறது. உப்பளமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் பார்த்த அந்த அம்மாவின் பிழைப்பு அது, முட்டையைத் தாண்டிப் போகத் தெரிந்தவர்களும் அவர்களே. கோடையில் உலர்ந்து கிடக்கிற தரையை வெற்றுநிலம் என்று கணக்கெழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தரிசு என்று நினைத்துத்தான் அதில் குப்பை கொட்டுகிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள்.

வண்டித் தடங்களைக் காவலர் காட்டினார். சாலையிலிருந்து இறங்கி, பைக்குகள் காய்ந்த சேற்றில் வட்டமடித்துப் போயிருந்தன. ஒரு தடம் நாங்கள் குஞ்சு பார்த்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போயிருந்தது.

"லீவு நாள்ல பயலுவ வீடியோ எடுக்க வர்றானுவ சார். திட்டுனா கோவிச்சுக்கிறானுவ. முட்டையைக் காட்டுனா, அட ஆமால்லன்னு வண்டியைத் தள்ளிக்கிட்டே ரோட்டுக்குப் போறானுவ."

"அப்ப காட்டிறலாமேண்ணே."

"எல்லாருக்கும் காட்டுனா அதுவே தொந்தரவாயிரும்ல?"

அதனால் அவர் வேறொரு வழி வைத்திருக்கிறார். சாலையிலிருந்து தரைக்கு வண்டி இறங்குகிற இடங்களில், கஜாவில் சாய்ந்த பனைமரத் துண்டுகளைக் குறுக்கே போட்டு வைக்கிறார். அன்றும் ஒன்று பாக்கி இருந்தது. இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்றார். ஸ்கோப்பைப் பையில் போட்டுவிட்டு நான் ஒரு முனையைப் பிடித்தேன். பனைத்துண்டு நல்ல கனம். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து இறக்கி வைத்துத்தான் கொண்டுபோனோம். போட்டு முடித்ததும் அவர் காலால் அசைத்துப் பார்த்தார், உருளவில்லை. ஆடி கடைசி வரை இது கிடந்தால் போதும், அதற்குள் குஞ்செல்லாம் பறந்துவிடும் என்றார்.